கையில் இருக்கும்வரை உன்னுடையது

வெர்ன் டிப்ளரின் மேஜையில் விலைச் சீட்டு என்று ஒன்றைப் பார்க்க முடியாது. மற்ற வியாபாரிகள் ஒவ்வொரு அட்டையின் உறைமேலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, அதில் பென்சிலால் ஒரு எண்ணை எழுதி வைப்பார்கள். வெர்ன் மட்டும் ஆளைப் பார்த்து விலை சொல்வார். முதலில் ஷூவைப் பார்ப்பார், பிறகு கைக்கடிகாரத்தை, கடைசியாக முகத்தை. ஒரே அட்டைக்கு என்னிடம் பன்னிரண்டு டாலர் கேட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து வந்த பல் டாக்டரிடம் முப்பது கேட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால், தோட்ட வேலைக்குப் போடும் கிழிந்த ஷூவை மாட்டிக்கொண்டுதான் கிளம்புவேன். என் மனைவி லொரெட்டா, "சர்ச்சுக்குக் காட்டாத அக்கறையெல்லாம் இந்தப் பிச்சைக்கார வேஷத்துக்குக் காட்டுறியே" என்பாள்.

லொரேன் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் ஹாலில்தான், ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்த பழைய பேஸ்பால் அட்டைகளை விற்கும் எங்கள் சந்தை. நாற்பது மேஜை போடுவார்கள். வியாபாரிகளும் வாங்குகிறவர்களும் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். நானே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டித்தான் வருவேன். சமையலறை மட்டும் தீயணைப்புத் தொண்டர்களின் பொறுப்பு. அங்கே புட்ச் என்கிற பெரியவர் பியரோகி என்கிற, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டையை வெண்ணெயில் பொரித்து, மேலே வதக்கிய வெங்காயத்தைக் கொட்டித் தருவார். பதினோரு வருடமாக அவர் கையால் சாப்பிடுகிறேன். எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமும், "வெங்காயம் நிறையவா?" "நிறைய."

எனக்கு ஒரே ஒரு அட்டை வேண்டியிருந்தது. 1957-இல் ஹார்லன் பால் கம்பெனிக்காரன் பால் பாட்டிலின் கழுத்தில் ஒவ்வொரு அட்டையாக மாட்டி விற்றான். எங்கள் ஏரிக்கரை லீக் ஆட்டக்காரர்கள் எழுபத்திரண்டு பேர், எழுபத்திரண்டு அட்டை. என்னிடம் எழுபத்தொன்று இருந்தது. நாற்பத்து மூன்றாம் நம்பர் மட்டும் இல்லை. ஆல்வின் டோம்பெக் என்று, அடிப்பவருக்குப் பின்னால் பந்து பிடிக்க நிற்கும் ஒரு மாற்று கேட்சர். பதினோரு ஆட்டம் ஆடினார், ஒழுங்காகப் பந்தை அடிக்கவில்லை, டீமை விட்டுத் துரத்திவிட்டார்கள். துரத்தப்பட்டவன் படம் எதற்கு என்று கம்பெனிக்காரனும் அச்சடிப்பதை நிறுத்திவிட்டான். ஆக, லீக்கிலேயே உருப்படாத ஆட்டக்காரரின் அட்டைதான் லீக்கிலேயே விலை கூடின அட்டை. இந்தத் தொழிலின் நியாயம் அப்படி. என் ஆல்பத்தில் ஐந்தாம் பக்கம், கீழ் வரிசை, இடது மூலை, பதினான்கு வருடமாகக் காலி. அவர் முகம்கூட எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுவதுபோல் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையே வெர்னோடு எனக்கு மனஸ்தாபம். செலவுக்குக் கொஞ்சம் பணம் சேர்க்கலாமென்று, ராய் பெல்ச்சர் என்ற ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு அட்டையை விற்கக் கொண்டுபோயிருந்தேன். எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, ஒரு நாற்காலிக் கடைத் திறப்பு விழாவில், பெல்ச்சர் என் முதுகை மேஜையாக்கிக் கையெழுத்துப் போட்டார். பேனா முனை அழுத்தியது இன்னும் முதுகில் ஞாபகம் இருக்கிறது. மாதாமாதம் வரும் விலைப் புத்தகத்தில் அந்த அட்டைக்கு நூற்றைம்பது டாலர் போட்டிருந்தது.

வெர்ன் தன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு அதைப் பார்த்தார். "பதினஞ்சு."

"புக்ல நூத்தம்பது போட்டிருக்கு, வெர்ன்."

அவர் பின்னால் தொங்கிய அட்டவணையைக் கட்டைவிரலால் காட்டினார். மடிப்பு இருந்தால் பாதி விலை, மூலை தேய்ந்தால் கால் விலை, பேனாக்கறை இருந்தால் பத்தில் ஒன்று. நான் வர ஆரம்பித்த நாளிலிருந்து அதே அட்டவணை, அதே எழுத்து.

"இது கறையா? கையெழுத்துய்யா. என் முதுகுல வச்சுப் போட்டாரு."

"பேப்பர் இருக்கா? கையெழுத்து அசல்னு எழுதிக் குடுத்த பேப்பர்? இல்லேல்ல. பேப்பர் இல்லாத கையெழுத்து கறைதான். வேணும்னா உன் முதுகையும் சேத்துக் குடு, இருபது தர்றேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பெல்ச்சரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கோபத்தில் போய்விடுவதாகத்தான் இருந்தேன். போகிற போக்கில் அவர் மேஜை ஓரத்தில் இருந்த ஷூ டப்பாவுக்குள் விரலை விட்டேன். யாருக்கும் வேண்டாத அட்டைகளைப் போட்டு வைக்கும் டப்பா அது. பத்தாவதோ பதினோராவதோ அட்டை. பச்சை ஓரம், பால் பாட்டில் முத்திரை, மூலையில் நம்பர் நாற்பத்து மூன்று.

பழகின கை என்பதால் சட்டென்று நடிப்புக்கு மாறினேன். அதை எடுத்தேன், கூடவே இரண்டு உதவாத அட்டைகளையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். நன்றாக வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டேன். "இது என்ன விலை?"

வெர்ன் என் ஷூவைப் பார்க்கவில்லை. நேராக முகத்தைப் பார்த்தார். "நானூறு."

"குப்பை டப்பாவுல கிடந்துச்சு."

"பதினோரு வருஷமா பாக்கிறேன், என் மேஜைகிட்ட நீ ஒரு தடவைகூடக் கொட்டாவி விட்டதில்ல. அந்தக் கொட்டாவியோட விலைதான் அது."

என்னிடம் இருந்தது இருநூற்றைம்பது. சொன்னேன். வெர்ன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு ஒரு சாண்ட்விச்சைப் பிரித்தார். அப்போதுதான் என் காதுக்குப் பின்னால் பெப்பர்மிண்ட் வாசனை அடித்தது. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பல் டாக்டர் லேலண்ட் ப்ரூட். அவர் ஆல்பத்திலும் இந்த ஒரு ஓட்டைதான். ஆனால் அவருக்கு நானூறு என்பது இரண்டு பல்லைப் பிடுங்கும் நேரம்.

இங்கே எங்கள் சந்தையின் ஒரே சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். அட்டை உன் கையில் இருக்கும்வரை பேரம் உன்னுடையது. வியாபாரிகூட அதை இன்னொருவருக்கு விற்க முடியாது. கீழே வைத்தாயோ, அடுத்தவன் எடுக்கலாம். எங்கேயும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை.

"நிதானமா யோசி, நார்ம்" என்றார் வெர்ன். "ஹால் வாசலைத் தாண்டாம இரு, அது போதும்."

யோசித்தேன். ஒரு மணி நேரம் யோசித்தேன். ஹீட்டர் பக்கத்தில் நின்றதால் வேர்த்துக் கொட்டியது. கோட்டைக் கழற்ற வேண்டுமென்றால் அட்டையைக் கை மாற்ற வேண்டும், கை மாற்றும்போது தவறி மேஜையில் விழுந்தால் கதை முடிந்தது. மூக்கு அரித்தது. கழிப்பறைக்கு வேறு அவசரம், ஆனால் அது வாசலுக்கு அந்தப் பக்கம். எங்கே நகர்ந்தாலும் டாக்டர் இரண்டடி பின்னால் வந்தார்.

"கை வலிக்கலையா, நார்ம்?" என்றார் டாக்டர். "சும்மா ஒரு நிமிஷம் மேஜைல வச்சு நீவி விட்டுக்கோங்க. நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்துக்குவீங்கன்னுதான் பயமே, டாக்டர்."

"என் ஆல்பத்துல எல்லாமே ஒரு தூசி படாத அட்டை. உங்க ஆல்பத்துல காப்பிக்கறையே நாலு இருக்கு. அந்த அட்டைக்கு எங்க இருந்தா நல்லதுன்னு யோசிங்க."

பசியும் சேர்ந்துகொண்டது. சமையலறைக் கவுண்டர் ஹாலுக்குள்தான் இருக்கிறது என்பதால் அங்கே போனேன். டாக்டரும் வந்தார்.

"வெங்காயம் நிறையவா?" என்றார் புட்ச்.

"நிறைய."

ஒற்றைக் கையால் பர்ஸைத் திறக்கப் பார்த்தேன். அது கீழே விழுந்தது. குனிந்தபோது அட்டை பிடித்த கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன், ஆற்றில் இறங்கினவன் சட்டையைத் தூக்கிப் பிடிப்பதுபோல. நிமிர்ந்தபோது புட்ச் தட்டை நீட்டியபடி அப்படியே நின்றிருந்தார். அவர் பார்வை என் கையில் இருந்தது.

தட்டை வைத்தார். ஏப்ரனில் கையை ஒருமுறை துடைத்தார், மறுபடி துடைத்தார். "குடு, பாக்கலாம்" என்றார்.

ஒரு மணி நேரம் கோட்டைக்கூடக் கழற்றாமல் காத்தவன், எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஏனென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த முகத்துக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"என்னோட படம் இது" என்றார் புட்ச். "அந்த வருஷம் அச்சடிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். பாத்ததில்ல."

"கை மாறிடுச்சு" என்று என் காதருகே டாக்டர் சொன்னார். அடுத்த நொடி ஹால் முழுக்கக் கேட்கும்படி, "வெர்ன், அட்டை நார்ம் கையில இல்ல. நானூறு. நான் எடுத்துக்கிறேன்" என்றார்.

வெர்ன் சாண்ட்விச்சை வைத்துவிட்டு ஓடி வந்தார். பின்னாலேயே இருபது பேர் வந்தார்கள். பதினான்கு வருடம், ஒரு தட்டு பியரோகிக்காகப் போயிற்றே என்று நினைத்தேன். வெர்ன் சட்டத்தை யோசித்தார். "இப்ப அது புட்ச் கையில இருக்கு. பேரம் புட்சோடது. புட்ச், உனக்கு வேணுமா?"

புட்ச் எதுவும் காதில் வாங்கவில்லை. அட்டையை உறையிலிருந்து உருவினார். காதில் செருகியிருந்த, ஆர்டர் எழுதும் பால்பாயிண்ட் பேனாவை எடுத்தார். யாரும் வாயைத் திறப்பதற்குள் படத்தின் நெஞ்சுக்குக் குறுக்கே, வாலை நீளமாக இழுத்து, "ஆல்வின் டோம்பெக்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"அந்தச் சீசன் பூரா பஸ்ஸுல எழுதி எழுதிப் பழகினேன்" என்றார். "யாராவது கேட்டா தயாரா இருக்கணும்ல. யாரும் கேக்கல."

டாக்டர் சூடு பட்டதுபோல் பின்வாங்கினார். "மை" என்றார். "அதுமேல மை." அவ்வளவுதான், அவர் ஆசை அந்த இடத்திலேயே செத்துவிட்டது. வெர்னுக்கு முகம் வெளுத்தது. நானூறு டாலர் கண்ணெதிரே ஓடிப் போனது அவருக்கு. எனக்கோ மூளையில் பல்பு எரிந்தது.

"நான் எடுத்துக்கிறேன், வெர்ன். நாப்பது."

"நாப்பதா?"

"பேனாக்கறை. பத்துல ஒண்ணு. நீ மாட்டி வச்ச அட்டவணைதான்."

கூட்டம் ஹோவென்று சிரித்தது. அங்கிருந்த ஒவ்வொருவரும் என்றைக்காவது அந்த அட்டவணையால் அடி வாங்கினவர்கள். வெர்ன் விடுவாரா. "யோவ், இது கறையில்ல. ஆட்டக்காரரே போட்ட கையெழுத்து. இப்ப எண்ணூறு."

"பேப்பர் இருக்கா?" என்றேன்.

சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. வெர்ன் கவுண்டர்மேல் சாய்ந்து புட்சிடம், "நீதான் அந்த ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லு. லைசென்ஸை எடுத்துக் காட்டு. அது போதும் எனக்கு" என்றார்.

புட்ச் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் செய்ததை மறைக்கப் போவதில்லை. கண்ணால் வேண்டாம் என்று ஜாடை காட்டினேன். ஒரே ஒரு முறை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"அட, விளையாட்டுக்குக் கிறுக்கினேன்யா" என்றார் புட்ச். "நானாவது, பேஸ்பாலாவது. அது யாரோ, எவனோ."

"அதானே பாத்தேன்" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "புட்ச், போன மாசம் நிலாவுக்கும் போயிட்டு வந்தியாமே."

"கல்லு கொண்டு வந்திருக்கேன், வெங்காயத்தோட வறுத்துத் தரவா?" என்றார் புட்ச். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெர்ன் இரண்டு இருபது டாலர் நோட்டை வாங்கிக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். அட்டை என்னுடையதாகிவிட்டது. நாற்பது டாலருக்கு. இந்த வட்டாரத்தில் யாரும் வெர்ன் டிப்ளரை இப்படிக் கவிழ்த்ததில்லை. நான்கு பேர் வந்து முதுகில் தட்டினார்கள்.

தட்டோடு ஒரு மூலையில் உட்கார்ந்து, முதல்முறையாக நிதானமாக அதைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயதுப் பையன். இடது காது மட்டும் விடைத்துக்கொண்டு நின்றது. பின்பக்கம் திருப்பினேன். வலக்கை ஆட்டக்காரர். சொந்த ஊர்: லொரேன். பிடித்த சாப்பாடு: அம்மா செய்யும் பியரோகி.

அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் கிளறும் மனிதரைப் பார்த்தேன். இடது காது விடைத்துக்கொண்டு நின்றது. நாற்பது வருடமாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தவரை, முந்நூற்று அறுபது டாலர் மிச்சம் பிடிக்க, 'அது நான் இல்லை' என்று சொல்ல வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இந்த வயதில் அவ்வளவு வெட்கப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

வெர்ன் மேஜைக்குப் போனேன். "விலை தப்பு" என்றேன்.

"நாப்பதும் ஜாஸ்தியா? முப்பதுக்குக் கேக்கிறியா?"

"கம்மி. நானூறு வாங்கிக்கோ."

வெர்ன் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். இந்தத் தொழிலில் யாரும் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "வித்தாச்சு. வித்த சரக்குக்கு நான் விலை ஏத்தறதில்ல. அந்தப் பேரைக் கெடுக்காத."

"அவர்தான்யா அந்த ஆளு. சொல்ல வேணாம்னு நான்தான் கண்ணக் காட்டினேன்."

"பேப்பர் இல்ல" என்றார் வெர்ன். என்னுடைய ஆயுதத்தாலேயே என்னை அடிப்பதில் அவருக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

அட்டையின் பின்பக்கத்தில் 'பிடித்த சாப்பாடு' என்ற வரியைக் காட்டினேன். முன்பக்கம் திருப்பிக் காதைக் காட்டினேன். வெர்ன் அட்டையைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். சாண்ட்விச்சை மெல்லுவதை நிறுத்தினார்.

"உன்கிட்ட என்ன இருக்கு?" என்றார், இந்த முறை மெல்லிய குரலில்.

"மிச்சம் இருநூத்துப் பத்து."

"முன்னாடி குடுத்தது நாப்பது. இருநூத்தம்பது." யோசித்தார். "காலைல காட்டினியே, பெல்ச்சர். அதையும் வை. நூத்தம்பதுன்னு எடுத்துக்கிறேன்."

"பேப்பர் இல்லாத கறையாச்சே அது."

"உன் முதுகை நம்புறேன்."

பெல்ச்சரைக் கொடுக்க மனசு வலித்தது, பொய் சொல்லப் போவதில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வெர்ன் அதை வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு பக்கத்து மேஜைக்காரனிடம் போய், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு ஸ்டிக்கரும் பென்சிலும் கேட்டார். பக்கத்து மேஜைக்காரன் வாயைப் பிளந்தான். நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார் வெர்ன். எழுதி முடித்து உறைமேல் ஒட்டினார். "இந்தா பேப்பர்" என்றார்.

வாங்கிக்கொண்டு கவுண்டருக்கு நடந்தேன். வெர்னும் கூட வந்தார். வெர்ன் எழுதிய விலைச் சீட்டைப் பார்க்கவென்றே ஹாலே எழுந்து பின்னால் வந்தது, டாக்டர் உட்பட. வெர்ன் அதை உரக்க வாசித்தார்: "ஹார்லன் பால், நம்பர் நாற்பத்து மூன்று. ஆல்வின் டோம்பெக். கையெழுத்து அசல், நேரில் பார்த்தது. நானூறு டாலர். வெர்ன் டிப்ளர்."

நிலாவைப் பற்றிப் பேசினவன் தரையைப் பார்த்தான். புட்ச் கரண்டியைப் பிடித்தபடி ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானூறா?" என்றார் கடைசியில். "போட்டோவுக்கு அந்தக் கம்பெனிக்காரன் எனக்குக் குடுத்தது அஞ்சு டாலரும் ஒரு பெட்டி பாலும். அதுல பாதி புளிச்சுப் போயிருந்துச்சு."

நான் ஒரு காகிதத் தட்டை எடுத்து கவுண்டர்மேல் வைத்தேன். அட்டையில் இருந்த கையெழுத்து அவராகப் போட்டது. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை.

"மிஸ்டர் டோம்பெக்" என்றேன். "ஒரு கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?"

அவர் உடனே பேனாவை எடுக்கவில்லை. கையை ஏப்ரனில் துடைத்தார், மறுபடி துடைத்தார். என் பின்னால் ஒருவன் தட்டை உருவும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு தட்டு. திரும்பிப் பார்த்தபோது வரிசை ஹீட்டர் வரைக்கும் போயிருந்தது. டாக்டர் ப்ரூட் மூன்றாவதாக நின்றார், தூசி தட்டிய ஒரு தட்டோடு.

புட்ச் காதிலிருந்து பேனாவை எடுத்து, முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"யார் பேருக்குப் போடணும்?" என்று கேட்டார்.